ஆடிட் நாளில் ஒகேனக்கல்

ஜூன் 2, திங்கள்

காலையில் தூறல். குளிர் காற்று. "வெள்ளக்காரன் குட்டி இங்கிலாந்துன்னு பேரு வெச்ச ஊரும்மா ஓசூரு," என்றார் விடுதி நடத்தும் ரோஸ்லின் அக்கா, பேரைத் தானே வைத்ததுபோல. இங்கிலாந்தில் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டு கணுக்கால் வரை சோப்புத் தண்ணீர் நிற்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தண்ணீரில் யாருடைய முடியோ. என் முடி இல்லை. சுருட்டை.

மலேசியாவில் தைப்பிங்கை விட்டு வந்து மூன்று வாரம். பாக்கி ஐந்து.

விமானத்தில் உட்கார்ந்து எழுதிய திட்டம் பழைய பக்கத்தில் இருக்கிறது:
– திங்கள் முதல் சனி வரை தொழிற்பயிற்சி
– ஞாயிறுகளில் பெங்களூரு, மைசூர், ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை
– அம்மாவுக்குச் சேலை
– தினமும் தமிழ்நாட்டுத் தோசை!!

மூன்று ஆச்சரியக்குறி போடாததுதான் குறை. இதுவரை பார்த்தது: பெங்களூருவில் ஒரு ஞாயிறு, அதில் பாதி டிராபிக். தோசை மட்டும் சொன்னபடி தினமும். புளித்த ஏப்பமும் தினமும்.

கம்பெனி மின்னஞ்சலில் 'விருந்தினர் இல்லம்' என்று எழுதியிருந்தார்கள். வந்து பார்த்தால் மூக்கண்டப்பள்ளிச் சந்துக்குள் பெண்கள் விடுதி. அறைக்கு ஆறு பேர், கட்டில் மூன்று. பகல் ஷிப்ட் எழுந்ததும் இரவு ஷிப்ட் படுக்கும். போர்வைகூட அதேதான். நான் வெளிநாட்டு மாணவி என்பதால் எனக்கு மட்டும் தனிக் கட்டில். நேற்று நான் இல்லாதபோது யாரோ அதில் படுத்திருக்கிறார்கள், தலையணையில் எண்ணெய் வட்டம். சீ.

அடுத்த கட்டில் மாதம்மா. (இனி மா.) என் வயதுதான், இருபத்திரண்டு. அஞ்செட்டிக்கும் அந்தப் பக்கம் மலையில் ஊர். "பஸ்ஸு எறங்கி ரெண்டு மணி நேரம் நடக்கணும் மே." கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எண்ணெய் வட்டம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஜூன் 4, புதன்

மேகம். மழை இல்லை.

என் பயிற்சித் திட்டம் முடிவாகிவிட்டது. பிரஸ் லைனில் ஒரு பீஸ் அடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டும். பிறகு அதை எப்படிக் குறைக்கலாம் என்று ரிப்போர்ட். மோட்டார் சைக்கிள் பிரேக்குக்குப் போகும் சின்னத் தகடு. வைக்க, மிதிக்க, எடுக்க. அவ்வளவுதான்.

நான் போய் நின்றதும் லைன் முழுக்கச் சினிமாவில் ஸ்லோமோஷன் வருமே, அப்படி ஆனது. ஒரு அக்கா தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். ஒன்பதரை விநாடி. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஏழு.

சூப்பர்வைசர் முனிராஜ் அண்ணனிடம் கேட்டேன். (தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.) "வாட்ச்ச பாத்தா கை தானா ஸ்லோ ஆயிடும் மேடம். இன்னிக்கு வேகமா போட்டுக் காட்டினா நாளைக்கு அதான் டார்கெட்டு. இவங்க என்ன லூசா?" சிரித்தார். வெற்றிலைப் பல். காவிச் சிவப்பில் ஒரு துளி என் நோட்டில் விழுந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்காமல் நிறுத்தும் சென்சார் ஒன்று ஒவ்வொரு பிரஸ்ஸிலும். அதை அணைக்க ஒரு சாவி. சாவி முனிராஜ் அண்ணன் இடுப்பில். சாயங்காலம் எண்ணிக்கை குறைந்தால் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் விரிவுரையாளர் மயங்கி விழுவார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நோட்டில் குறித்தேன்.

சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஊர்சுற்றல்! கெலவரப்பள்ளி அணை, பக்கத்திலேயே. மா.வும் வந்தாள். ஓசூர் வந்து இரண்டு வருஷம், அணையைப் பார்த்ததில்லையாம்.

அணையில் தண்ணீரைக் காணோம். நுரை. மதகிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு நுரை, காற்றில் பிய்ந்து சாலைக்கே பறந்து வருகிறது. அழுகிய முட்டை நாற்றம். அதன் எதிரில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுக்கிறார்கள்! ஒருத்தர் தன் குழந்தையை நுரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "மேகத்துல நிக்கற மாதிரி கீது பாரு," என்கிறார். குழந்தை அதைக் கையில் அள்ளுகிறது. கருமம், கருமம்.

ஒரு அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் கறுப்பு. மா. தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதையும் தின்றாள்.

"உனுக்கு எல்லாத்தையும் பாத்தா வாந்தி வருது மே. எங்கியும் போவாத, ரூமுலயே இரு."

"எங்க ஊர்ல ஏரித் தண்ணியில முகம் தெரியும் லா."

"எங்க ஊருலயும் தெரியும். தண்ணி இருந்தா."

அம்மாவுக்குப் படம் அனுப்பவில்லை. இப்படி ஒரு இடத்துக்கா போனாய் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜூன் 10, செவ்வாய்

மானம் போனது.

எச்.ஆர். பிரபாகர் சாரிடம் முதல் வார எண்களைக் காட்டினேன். எனக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி செல்லாது, ஒரு செமஸ்டர் மறுபடி. பார்த்தார். பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒம்பதரை செகண்டாம்! இந்தக் கணக்குல ஓட்டினா கம்பெனிய எப்பவோ இழுத்து மூடியிருக்கணும். பொம்பளைங்க உன்ன நல்லா ஏமாத்திட்டாங்கம்மா." இருவரும் சிரித்தார்கள். பிஸ்கட் நீட்டினார். எடுத்துக்கொண்டேன், அதுதான் இன்னும் எரிகிறது.

அறையில் வந்து அழுதேன். மா. தலை வாரிக்கொண்டே கேட்டாள். சொன்னேன். எல்லோரும் வேண்டுமென்றே இழுக்கிறார்கள், ரிப்போர்ட் குப்பை, படிவம் போச்சு, எல்லாம்.

"இதுக்கா அழுவற? வியாழக்கெழம என் மிஷினுக்கு வா. நான் போட்டுக் காட்டறன். நல்ல நம்பரு வரணும், அவ்ளோதான?"

"உனக்கு டார்கெட் ஏத்திடுவாங்களே?"

"நான் கான்ட்ராக்ட்டு. என்ன எப்ப வேணா தூக்குவான். டார்கெட்டு ஏத்தி இன்னாத்துக்கு?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் ஒரு மனுஷி.

ஜூன் 12, வியாழன்

எழுத முடியுமா பார்க்கிறேன்.

நாலு மணி ஆகிவிட்டது. மா.வின் மிஷின். முதலில் எட்டு விநாடி, பிறகு ஏழு. அவள் கை போகிறது, சென்சார் நிறுத்துகிறது, காத்திருக்க வேண்டியிருக்கிறது. முனிராஜ் அண்ணன் வந்தார். "சென்சார் இருந்தா நம்பர் வராது மேடம். எடுத்துடவா?" என்னைத்தான் கேட்டார். மா.வைக் கேட்கவில்லை.

நான் சரி என்றேன்.

சாவி திரும்பியது. ஆறு. ஆறுக்கும் கீழே. மா. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நான் கட்டைவிரலைக் காட்டுகிறேன். பதினெட்டாவது பீஸ்.

வலது கை. மோதிர விரல் பாதி. நடுவிரல் நுனி.

அவள் கத்தவில்லை. கையுறையைக் கழற்ற முடியாமல் இடது கையால் இழுத்துக்கொண்டே, "நின்னு போச்சா, நின்னு போச்சா," என்றாள். எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தேன். அவளைப் பிடிக்கவில்லை. வாந்தி எடுத்தேன்.

கம்பெனி ஜீப்பில் தனியார் கிளினிக். தையல். விபத்துப் படிவம் எழுதவில்லை. "நாளைக்கு ஆடிட்டு. முடியட்டும், எழுதிக்கலாம்," என்றார் பிரபாகர் சார். போனில்தான். வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆடிட் நாளில் எங்களுக்கு டூர்.

நேற்றே சொல்லியிருந்தார்கள். தகடு வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் சோதிக்க வரும் நாள். பிரஸ்ஸில் ஒப்பந்த ஆட்கள் உட்காரக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆகையால் அவர்கள் வரும் நாளில் ஒப்பந்த ஆட்களே இருப்பதில்லை. பஸ்ஸில் ஏற்றி எங்காவது அனுப்பிவிடுவார்கள். நிரந்தர ஆட்கள் மட்டும் புது யூனிபாரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ரோஸ்லின் அக்கா இதைச் சொல்லிவிட்டு, "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னா இதாம்மா. வருசா வருசம் மறைக்கறாங்க, அவங்களும் வருசா வருசம் சோறு தின்னுட்டுப் போறாங்க," என்றார்.

என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். மா.வையும், கட்டுப் போட்ட கையோடு! வலி மாத்திரை கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். விடுதியில் விட்டால் யாராவது பார்த்துவிடுவார்களாம். பஸ்ஸில் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. நாற்பது பெண்கள். தக்காளி சாத மணம், டீசல், யாரோ பையில் வாந்தி. ஒருத்தரும் கையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் தின்பண்டத்தில் ஒரு கைப்பிடி அவள் மடியில் போட்டார்கள்.

தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி வழி. மலை தெரிந்ததும் மா. கட்டுப் போட்ட கையாலேயே ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். "அதோ, அந்த மலை முட்டு தெரிதா, அதுக்குப் பின்னால எங்க ஊடு." எடுத்தேன் ஒரு படம். பஸ்ஸை நிறுத்துங்கள், இறங்கிவிடுகிறேன், என் அம்மா பார்த்துக்கொள்வார் என்று கெஞ்சினாள். கூட வந்த ஆள், "ஏத்தின தலை எண்ணிக்கை எறக்கும்போது இருக்கணும்," என்றுவிட்டார்.

ஒகேனக்கல். எத்தனை நாள் ஆசை! அருவி அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மற்றதெல்லாம்: மீன் செதிள் காலில் ஒட்டுகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள் பாறை பாறையாகப் படுத்திருக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட்டுகள். பரிசலில் ஏறவே எனக்கு மனமில்லை.

பாறை மேல் மா.வோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள நினைத்தேன், அம்மாவுக்கு அனுப்ப. நல்ல படமாக ஒன்றுகூட இதுவரை அனுப்பவில்லையே. "கையைத் துப்பட்டாவுக்குள்ள வெச்சுக்கோ, அம்மா பார்த்தா பயந்திடுவாங்க," என்றேன். வைத்துக்கொண்டாள். சிரி என்றேன். சிரித்தாள்.

கம்பெனி டூர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நிறைய இதயம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை. மா.வுக்குக் காய்ச்சல். கட்டுத் துணியிலிருந்து ஒரு வாடை. துணி மாற்றிவிட்டது ரோஸ்லின் அக்கா, நான் கதவுக்கு வெளியே நின்று டெட்டால் பாட்டிலைப் பிடித்திருந்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு வராது இதெல்லாம்.

ஜூன் 16, திங்கள்

பிரபாகர் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மறுபடி பிஸ்கட். எடுக்கவில்லை.

மேஜையில் என் படம். ஒகேனக்கல் பாறை, நானும் மா.வும், பெரிதாக அச்செடுத்து.

"நல்லா எடுத்திருக்கம்மா. பாரு, காலையில பதினொரு மணிக்குக் கை நல்லாத்தான் இருக்கு, சிரிக்கறா. அப்பறம் பாறையில வழுக்கி விழுந்துட்டா. கல்லு இடுக்குல விரல் மாட்டிக்கிச்சு. பிக்னிக்ல நடந்த விஷயம், கம்பெனி என்ன பண்ணும்?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"சார், கையில கட்டு இருந்துச்சு. நான்தான் மறைக்கச் சொன்னேன்."

"படத்துல இல்லையே."

கிளினிக் சீட்டையும் காட்டினார். தேதி பதின்மூன்று. அழித்து எழுதினதுபோலக்கூட இல்லை, புதுச் சீட்டு. சுத்தமான கையெழுத்து.

ஒரு காகிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கூட இருந்தவள் என்ற முறையில், மா. விழுந்ததை நான் பார்த்தேன் என்று. கீழே கையெழுத்து இடம்.

"நான் பார்த்தது பேக்டரியில சார்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் குமட்டியது. அப்பா மாதிரிக் குரலை இறக்கினார். "நீ எம் பொண்ணு மாதிரிம்மா, அதனால சொல்றேன். நீ வந்திருக்கறது டூரிஸ்ட் விசா. பேப்பர் படி நீ ஊர் சுத்திப் பார்க்க வந்தவ. கம்பெனிக்குள்ள நீ கால வெச்சதே கிடையாது. உள்ள நின்னு பார்த்தேன்னு சொன்னா யாருக்கு பிரச்சனை? யோசி."

சுலபம் என்று அந்த விசாவை எடுக்கச் சொன்னதே இவர்கள். மின்னஞ்சல் இருக்கிறது. ஏமாந்தவள் நான்தான், படித்துப் பார்க்காமல்.

"அப்ப என் பயிற்சிப் படிவம் சார்?"

"அது வேற, இது வேற. இத முடிச்சுக் குடு, அத அன்னிக்கே போட்டுத் தரேன். எக்சலென்ட்டுனு. வேற போட்டோ ஏதாவது வெச்சிருக்கியா?"

இல்லை என்றேன். அப்போது பயத்தில் சொன்னது. பஸ்ஸில் எடுத்தது போனில் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

அந்தப் பிரபாகர் மேஜையில் ஒரு சாமி படம், புதுப்பூ. தூ.

மா.விடம் சொல்லிவிட்டேன். படம், காகிதம், விசா எல்லாம். கட்டில் நுனியில் உட்கார்ந்து கேட்டாள். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறாள், சோறு சட்டையெல்லாம்.

"போட்டுடு மே."

"என்ன போட்டுடு? பிக்னிக்ல விழுந்தன்னா உனக்கு மருந்துச் செலவு கிடையாது, லீவுக் காசு கிடையாது, விரலுக்கு ஒண்ணும் கிடையாது. வேலைக்கும் எடுக்கமாட்டாங்க. நீ பணம் கட்டற தங்கச்சி நர்சிங் படிப்பு என்ன ஆகும்?"

"அவ வேற எதுனா படிப்பா. எங்க ஊருல ஆடு மேய்க்க எத்தினி வெரலு வேணும்? உனுக்குப் படிப்பு போவும். கடல் தாண்டி வந்துட்டு."

நல்லவளாக இருக்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்று கேட்டதற்கு, "இன்னாத்துக்கு திட்டணும், நீ இன்னா பண்ண?" என்கிறாள். நான் சரி என்று சொன்னது அவள் காதில் விழவில்லை, மிஷின் சத்தம். அதையும் நான் சொல்லவில்லை.

அம்மா போனில்: "நமக்கு எதுக்குடி வம்பு. வெளியூர்ல போய் சட்டம் பேசாதே. கையெழுத்துப் போட்டுட்டு ஒழுங்கா வீடு வந்து சேரு." பிறகு, "அந்தப் பொண்ணு கண்ணு ஏன் அப்படி வீங்கியிருக்கு படத்துல?"

நான் எடுக்கும்போது கவனிக்கவே இல்லை.

ஜூன் 18, புதன்

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காகிதம் பைக்குள். வயிற்றுப்போக்கு என்று லீவு சொன்னேன். வயிற்றுப்போக்கும் உண்மையாகவே வந்துவிட்டது. நாலு கட்டில், ஏழு பெண்கள், ஒரு கழிவறை, தண்ணீர் பத்து மணியோடு சரி. இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை.

ஜூன் 19, வியாழன்

ஒப்பந்தக்காரன் மா.வைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விடுதியும் சனிக்கிழமையோடு காலி. அவள் துணிகள் ஒரு உரச்சாக்கில் அடங்கிவிட்டன.

ரோஸ்லின் அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "கர்த்தாவே," என்றார். "ஏம்மா, இதை இத்தனை நாளா வெச்சிருந்தியா?"

"மூணு நாள் அக்கா."

"மூணு நாள்னாலும் நாள்தான்."

கம்பெனி விபத்துப் படிவம் கொடுக்காவிட்டால் நேரே இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாமாம். பார்த்தவர்கள் யாராவது வேண்டும். முனிராஜ் அண்ணன் வருவாரா? வரமாட்டார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். பர்மனென்ட் அக்காக்கள்? அன்று எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்களாம், ஒருத்தர் விடாமல்.

போனை எடுத்து பஸ் படத்தைப் பார்த்தேன். ஜன்னல், மலை, வெள்ளைக் கட்டு. ஒன்பது நாற்பது. ஒகேனக்கல் போய்ச் சேருவதற்கு முன்னால். கட்டுத் துணியில் ரத்தம் ஊறியிருக்கிறது, அதன் மேல் ஒரு ஈ.

நாளை போகிறோம்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். மூவரும் ஆட்டோவில். மா. நல்ல சுடிதார் போட்டுக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போவதுபோல.

அலுவலகத்தில் ஒரு அம்மா அதிகாரி. பொறுமையாகக் கேட்டார். கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை, அதற்கே அவர் காலில் விழலாம்.

"எங்க நடந்துச்சும்மா?"

"மிஷின்லங்க மேடம்."

"யார் பார்த்தா?"

"யாரும் பாக்கலிங்க," என்றாள் மா. என் பக்கம் திரும்பாமலே.

ரோஸ்லின் அக்கா என் முழங்கையில் இடித்தார். இடிப்பதற்கு முன்னே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை, இடித்த பிறகுதான்.

"நான் பார்த்தேன். நான் அங்கதான் நின்னேன்."

பாஸ்போர்ட் கேட்டார். கொடுத்தேன். விசாப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உங்களுக்குப் பிரச்சனை ஆகலாம்மா, தெரியும்ல?" தெரியும் என்றேன். குரல் எலிபோல வந்தது. பஸ் படம், பாறைப் படம், கையெழுத்துப் போடாத காகிதம், விசா எடுக்கச் சொன்ன மின்னஞ்சல் எல்லாம் வாங்கிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நாள், நேரம், மிஷின். சென்சார் அணைக்கப்பட்டிருந்தது. யார் அணைத்தது? சூப்பர்வைசர். கையெழுத்துப் போட்டேன். முடிந்தது.

வெளியே கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார் ரோஸ்லின் அக்கா. "பொண்ணுன்னா இப்படி இருக்கணும். படிப்பு போனாலும் பரவால்லன்னு நின்ன பாரு! ஜெபத்துல உன் பேரைச் சொல்லுவேன்." கடைக்காரரிடமும் சொன்னார். கடைக்காரர் ஐஸ் கொஞ்சம் அதிகமாகப் போட்டார். மா. என் கையைத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மடக்குதான் குடித்தேன். பிரபாகரைப் பார்த்தபோதுகூட இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அவன் தேதியை மாற்றினான். நான் ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மீதி எல்லா உண்மையையும் சொல்லி, நல்ல பெண் என்று பேர் வாங்கி, ஐஸ் போட்ட சாறு குடிக்கிறேன்.

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அந்த அம்மா சாப்பாட்டுக் கூடையைத் திறந்திருந்தார். இன்னொன்று எழுத வேண்டும் மேடம் என்றேன். மா.வும் பின்னாலேயே வந்துவிட்டாள். வேண்டாம் என்று அவளை வெளியே அனுப்பவா? அனுப்பவில்லை. அவள் நிற்கும்போதே சொன்னேன். சென்சாரை எடுத்துடவா என்று என்னைத்தான் கேட்டார்கள். என் ரிப்போர்ட்டுக்கு நல்ல நம்பர் வேண்டியிருந்தது. நான் சரி என்றேன்.

அவர் சோற்றை மூடிவிட்டு எழுதினார். வாசித்துக் காட்டினார். 'சரி என்று நான் கூறினேன்.' மா. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். திட்டு, திட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். நிழற்குடையில் உட்கார்ந்தோம். மா. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆமா, அன்னிக்கு எவ்ளோ வந்துச்சு? நீ சொல்லவே இல்லியே."

"என்ன எவ்ளோ?"

"செகண்டு மே."

"அஞ்சு புள்ளி ரெண்டு."

"லைனுலயே கம்மியா?"

"ஆமா. லைன்லயே கம்மி."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பர்மனென்ட்டு அக்காங்களுக்கே வராது, இல்ல?" என்றாள். பஸ் வரும் வரை ரோஸ்லின் அக்காவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.